நின்று நின்று வரும் வீட்டு இணையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபத்து நான்கு வீடுகள். யார் வீட்டில் இணையம் நின்றாலும் முதலில் சேவை நிறுவனத்துக்குப் போன் செய்கிறார்கள். அது கிடைக்காவிட்டால் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். பெரும்பாலும் கிடைப்பதில்லை. பதில் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமாகிவிட்ட கேள்விகள் இவை. நகரத்து வீடுகளில் இப்போது பரவலாக இருக்கும், மெல்லிய கண்ணாடி இழை வழியாக வெளிச்சமாக வரும் ஃபைபர் இணைப்பை வைத்தே எழுதியிருக்கிறேன்.

திடீரென்று இணையம் நின்றுவிட்டது. முதலில் என்ன செய்வது?

எதையும் தொடாமல், ஃபைபர் வந்து சேரும் ரௌட்டர் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். பவர், பான் (PON), லாஸ் (LOS), இன்டர்நெட், வைஃபை என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் சற்று மாறலாம்.

பவர் எரியவில்லை என்றால் மின்சாரம் அல்லது அடாப்டர். லாஸ் சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ ஃபைபரில் வெளிச்சம் வந்து சேரவில்லை. பான் நிலையாக எரியாமல் பச்சையாகச் சிமிட்டிக்கொண்டே இருந்தால், நிறுவனத்தின் எதிர்முனைக் கருவியிடம் உங்கள் பெட்டி தன்னைப் பதிவு செய்யப் பார்க்கிறது, முடியவில்லை என்று பொருள். பான் நிலையாக எரிந்து இன்டர்நெட் மட்டும் அணைந்திருந்தால் ஃபைபர் நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் கணக்கிலோ நிறுவனத்தின் பக்கத்திலோ இருக்கிறது. மாதக் கட்டணம் முடிந்துபோனதை மறந்துவிட்டு என் கதவைத் தட்டியவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் இரண்டு முறை.

இன்னொன்று: நின்ற அந்த நிமிடமே விளக்குகளைப் போனில் படம் எடுத்துவிடுங்கள். ஆள் வந்து பார்க்கும் நேரத்தில் எல்லாம் பச்சையாக எரிந்துகொண்டிருக்கும். அது இந்தப் பெட்டிகளின் பிறவிக்குணம்.

விளக்கெல்லாம் சரியாகத்தான் எரிகிறது. ஆனாலும் நிற்கிறது. கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியிலா?

இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்குக் காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு.

விண்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரங்கள் (கமாண்ட் பிராம்ப்ட்) இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் ரௌட்டரின் முகவரிக்கு, பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் பிங் (ping) கட்டளை கொடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் அச்சிட்டிருப்பார்கள். மற்றொன்றில் 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கு. கட்டளையின் முடிவில் ஒரு சிறு கோடும் ஆங்கில டி எழுத்தும் (-t) சேர்த்தால் நீங்கள் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

இணையம் நிற்கும்போது வந்து பாருங்கள். இரண்டு சாளரத்திலும் பதில் நின்றிருந்தால் கணினிக்கும் ரௌட்டருக்கும் இடையிலேயே அறுந்திருக்கிறது: வைஃபை, அல்லது ரௌட்டரே அணைந்து எழுகிறது. முதல் சாளரத்தில் பதில் ஓடிக்கொண்டிருக்க, இரண்டாவதில் மட்டும் நின்றிருந்தால் உங்கள் வைஃபைமீது குற்றமில்லை. ரௌட்டருக்கு வெளியே தேட வேண்டும். இரண்டும் ஓடிக்கொண்டிருக்க, வலைத்தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் அது வேறு கதை, கீழே சொல்கிறேன்.

அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. அதையே செய்துகொண்டிருந்தால் என்ன?

அவசரத்துக்குச் செய்யுங்கள், தவறில்லை. ஆனால் அணைத்துப் போடுவது நோயையும் மறைக்கும், தடயத்தையும் அழிக்கும். சாதாரண ரௌட்டர்களில் பல, தங்கள் நிகழ்வுக் குறிப்பைத் தற்காலிக நினைவகத்தில்தான் வைத்திருக்கின்றன. மின்சாரம் போனால் அதுவும் போய்விடும்.

அதற்குப் பதில் ஒரு வேலை செய்யுங்கள். பால் கணக்கு எழுதுவதுபோல, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இணையம் நின்ற நேரத்தையும் மீண்டும் வந்த நேரத்தையும் ஒரு வாரம் குறித்து வையுங்கள். சும்மா "அடிக்கடி போகிறது" என்றால் என்னாலும் ஒன்றும் சொல்ல முடியாது, லைன்மேனாலும் சொல்ல முடியாது. "திங்கள் காலை 6.10, செவ்வாய் காலை 6.12, புதன் காலை 6.10" என்று எழுதிய தாளை நீட்டினால் கோளாறு பாதி பிடிபட்டுவிட்டது.

அப்படித்தான் எழுதினேன். தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நிற்கிறது. என்ன காரணம்?

மேலே சொன்ன 6.10 என் வீட்டுக் கணக்குதான்.

இரண்டு வருடங்களுக்கு முன் கோடையில் தொடங்கியது. காலை ஆறு பத்துக்கு இணையம் போகும், இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். நிறுவனத்தின் பக்கத்தில் ஏதோ செய்கிறார்கள் என்று நினைத்து இரண்டு வாரம் அவர்களோடு சண்டை போட்டேன். பிறகுதான் உலாவியில் ரௌட்டரின் முகவரியைத் தட்டி, அதன் அமைப்புப் பக்கத்துக்குள் போய், அது எவ்வளவு நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று காட்டும் எண்ணைப் பார்த்தேன். காலை ஏழு மணிக்கு அது "50 நிமிடம்" என்றது. அதாவது லைன் அறுபடவில்லை. ரௌட்டரே அணைந்து எழுந்திருக்கிறது.

மறுநாள் ஆறு மணிக்கே பெட்டிக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஆறு பத்துக்குக் கீழே காவலாளி ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைப் போட்டார். குழல்விளக்கு ஒரு கணம் மங்கியது. ரௌட்டரின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்து, பவர் மட்டும் மறுபடி எரிந்தது.

மோட்டார் கிளம்பும் கணத்தில், ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். வீட்டு வோல்டேஜ் கண நேரம் தாழும். நல்ல அடாப்டர் அந்தத் தாழ்வைத் தாங்கிக்கொண்டு 12 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் தேக்கி வைத்திருப்பதைக் கொண்டு. வெயிலிலும் சூட்டிலும் நான்கைந்து வருடம் கிடந்த அடாப்டரில் அந்தக் கெப்பாசிட்டர்கள் வற்றிப்போயிருக்கும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 12 வோல்ட் சரியாகவே காட்டும்; சுமை ஏறும்போதுதான் குப்புற விழும். அடாப்டரை மாற்றினேன். அன்றோடு தீர்ந்தது. சண்டை போட்டதற்காக நிறுவனத்திடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அவர்கள்மீது வேறு கணக்குகள் பாக்கியிருந்தன.

கிரைண்டர், ஏ.சி., பழைய குளிர்சாதனப் பெட்டி போன்றவையும் இதே வேலையைச் செய்யும். புது அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், முள்ளின் அளவும் நேர்மின் (+) பக்கமும் பொருந்த வேண்டும். 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் அடாப்டரைச் செருகிவிடாதீர்கள்.

மோட்டாரும் இல்லை, அடாப்டரும் புதிது, ஆனாலும் அச்சுப் பிசகாமல் இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை நிற்கிறது என்றால், எங்கோ ஓர் அமைப்பில் அந்த எண் எழுதப்பட்டிருக்கிறது. முகவரி புதுப்பிக்கும் கெடு, நிறுவனம் இணைப்பைத் துண்டித்து மறுபடி உள்ளே விடும் நேரம், ரௌட்டரில் யாரோ போட்டு வைத்த தானியங்கி மறுதொடக்கம், இவற்றில் ஒன்று.

இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனாலும் கரன்ட் போகும்போது ரௌட்டர் ஒருமுறை அணைந்து எரிகிறது. ஏன்?

கரன்ட் போனதும் பேட்டரிக்கு மாற இன்வெர்ட்டருக்குச் சில பத்து மில்லிநொடிகள் பிடிக்கும். மின்விசிறிக்கு அது தெரியாது, ரௌட்டருக்குத் தெரியும். பல வீட்டு இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் யு.பி.எஸ். என்றும் நார்மல் என்றும் ஒரு சுவிட்ச் இருக்கும். யு.பி.எஸ். பக்கம் தள்ளினால் மாற்றம் வேகமாக நடக்கும். ஆனால் அந்த நிலையில் வோல்டேஜ் கொஞ்சம் தாழ்ந்தாலே பேட்டரிக்குத் தாவிவிடும். உங்கள் பகுதியில் மாலை நேரத்தில் லோ வோல்டேஜ் என்றால் பேட்டரிக்கு வேலை கூடும்.

ரௌட்டருக்கென்றே 12 வோல்ட் டி.சி. மின்சாரம் கொடுக்கும் சின்ன யு.பி.எஸ். கிடைக்கிறது. நான் எல்லோரையும் வாங்கச் சொல்வது அதைத்தான்.

என் வீட்டில் கரன்ட் இருக்கிறது, பெட்டியும் எரிகிறது. ஆனால் எதிர்வரிசையில் கரன்ட் போனால் என் இணையமும் போகிறது. இது என்ன கூத்து?

தெருவரை ஃபைபரும், தெருமுனைப் பெட்டியிலிருந்து வீட்டுக்குச் சாதாரண லேன் கேபிளுமாக இணைப்புக் கொடுக்கும் உள்ளூர் கேபிள்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தெருமுனைப் பெட்டிக்குள், இணையத்தைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஸ்விட்ச் என்ற கருவி மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். தெருவில் மூன்று ஃபேஸ் போகிறது. ஸ்விட்ச் இருக்கும் ஃபேஸ் போய், உங்கள் வீட்டு ஃபேஸில் கரன்ட் இருந்தால் இந்தக் கூத்துதான். வீட்டுக்குள் மெல்லிய ஃபைபர் வருகிறதா, தடித்த லேன் கேபிள் வருகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். லேன் கேபிளாக இருந்தால், முழு ஃபைபராக மாற்றித் தரச் சொல்லுங்கள். ஃபைபரை வீடுவீடாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. கண்ணாடியில் வெளிச்சம் பிரிகிறது, அவ்வளவுதான்.

இடி மின்னலுக்கும் இது பொருந்தும். மொட்டை மாடி வழியாக வரும் செம்பு லேன் கேபிள் மின்னலின் அதிர்வை நேராக ரௌட்டரின் துளைக்குள் கொண்டுவந்து இறக்கும். ஐப்பசி, கார்த்திகையில் எரிந்துபோன ரௌட்டர்களை எங்கள் பகுதிக் கேபிள்காரர் சாக்கில் அள்ளிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

லாஸ் விளக்கு சிவப்பாக வருகிறது, பிறகு தானே சரியாகிவிடுகிறது. ஃபைபர் அறுந்திருந்தால் மொத்தமாகத்தானே போக வேண்டும்?

அறுந்தால் மொத்தமாகப் போகும். வளைந்தால், அழுக்கேறினால், ஒட்டு பலவீனமானால் இப்படி வந்து வந்து போகும்.

ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் "ஆப்டிகல்" என்ற தலைப்பின் கீழ், பெட்டிக்கு வந்துசேரும் ஒளியின் அளவு டிபிஎம் (dBm) என்ற அலகில் இருக்கும். அது எப்போதும் கழித்தல் எண். -20 என்றால் ஒரு மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு. ஒவ்வொரு 3 குறையும்போதும் வெளிச்சம் பாதியாகிறது. பரவலாக இருக்கும் ஜிபான் (GPON) என்ற ஃபைபர் முறையில் வீட்டுப் பெட்டியால் -27 வரை படிக்க முடியும். அது ஒரு மில்லிவாட்டில் ஐந்நூறில் ஒரு பங்கு. ஓர் இழையை 32 வீடுகளுக்குப் பிரித்தாலே இந்த எண்ணில் 15-க்கு மேல் குறைந்துவிடும். எனவே -18, -22 என்றெல்லாம் பார்த்தால் பயப்பட வேண்டாம். -26, -27 என்று விளிம்பில் நின்றால், காற்றில் கேபிள் ஆடினாலே இணைப்பு விழுந்துவிடும். லைன்மேனிடம் "இணையம் போகிறது" என்பதைவிட "ஒளி -26.8 இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். மதிப்பு கூடும்.

வீட்டுக்குள் நீங்களே பார்க்கக்கூடியது: மெல்லிய ஃபைபர் ஆணியில் சுற்றப்பட்டிருக்கிறதா, சோபாவின் கால் அதன்மேல் நிற்கிறதா, கதவிடுக்கில் நசுங்குகிறதா. குறுகிய வளைவில் ஒளி கண்ணாடியைவிட்டு வெளியே கசிந்துவிடும். எலுமிச்சம்பழத்தைவிடச் சிறிய வட்டமாகச் சுற்றாதீர்கள். அடுத்து, இணைப்பு முனையின் நிறம். பச்சை முனையின் நுனி 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கும். நீல முனையில் அந்தச் சாய்வு இல்லை. பச்சையையும் நீலத்தையும் சேர்த்துச் செருகினால் இடையில் இடைவெளி விழுந்து ஒளி கணிசமாக வீணாகும். அவசரத்தில் கையில் இருந்ததைச் செருகிவிட்டுப் போன ஆட்களின் வேலையை இரண்டு வீடுகளில் நான் பார்த்தேன்.

முனையைக் கழற்றி உள்ளே பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர், கண்ணுக்குக் கேடு. வாயால் ஊதவும் வேண்டாம். எச்சில் படிந்தால் தூசியே மேல்.

மழை பெய்தால் மட்டும் நிற்கிறது. ஃபைபருக்குள் தண்ணீர் போகுமா?

கண்ணாடிக்குத் தண்ணீரால் ஒன்றும் ஆகாது. கம்பத்தில் தொங்கும் இணைப்புப் பெட்டியின் மூடி சரியாக மூடவில்லை என்றால் முனைகளில் ஈரம் ஏறும். தென்னை மட்டை விழும், கிளை உரசும். அணில் கடிப்பதும் உண்டு; எங்கள் தெருவில் வருடத்துக்கு ஒருமுறையாவது அந்த வழக்கு வரும். இதில் நீங்கள் செய்யக்கூடியது எதுவுமில்லை, "மழையில் மட்டும்" என்பதைப் புகாரில் மறக்காமல் சொல்வதைத் தவிர.

கூடத்தில் நன்றாக வருகிறது, படுக்கையறையில் அறுகிறது.

ரௌட்டர் எங்கே இருக்கிறது? நான் கேட்டால் வரும் விடைகள்: இரும்பு பீரோவுக்குப் பின்னால், டிவி அலமாரிக்குள், மீன்தொட்டிக்குப் பக்கத்தில், செருப்பு அலமாரிக்கு மேல். இரும்பு அலையைத் திருப்பியடிக்கும், தண்ணீர் விழுங்கும், கான்கிரீட் சுவர் பாதியைத் தின்னும். மூடிய அலமாரிக்குள் சூட்டுப் பிரச்சினையும் சேரும். பெரும்பாலான ரௌட்டர்கள் 40 டிகிரி வரையிலான அறைக்கே செய்யப்பட்டவை. சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில், கதவடைத்த அலமாரிக்குள் அந்த அளவைத் தாண்டுவது பெரிய விஷயமில்லை.

வீட்டின் நடுவில், திறந்த இடத்தில், ஆள் உயரத்துக்கு வையுங்கள். "பார்க்க அசிங்கமாக இருக்கிறது" என்று வீட்டில் சொல்வார்கள். அந்த வழக்கை நீங்கள்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுக்குமாடிகளில் பக்கத்து வீட்டு வைஃபைகளும் இடிக்கும். வைஃபையின் 2.4 ஜிகா ஹெர்ட்ஸ் அலைவரிசை சேனல்களாகப் பிரிந்திருக்கிறது; அவற்றில் ஒன்றோடொன்று மோதாதவை மூன்றே: 1, 6, 11. போனில் வைஃபை அலசும் செயலி ஒன்றைப் போட்டுப் பார்த்து, மூன்றில் நெரிசல் குறைந்ததில் உங்களுடையதை வையுங்கள். சேனலின் அகலத்தை 20 மெகா ஹெர்ட்ஸிலேயே விடுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 ஜிகா ஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. காபியைச் சூடு பண்ணும் ஒன்றரை நிமிடம் மட்டும் இணையம் திக்கினால் காரணம் அதுதான்.

ரௌட்டரில் 5 ஜி என்று வரும் பெயர் சில நேரம் காணாமலே போய்விடுகிறதே?

அது செல்போனின் ஐந்தாம் தலைமுறை இல்லை, 5 ஜிகா ஹெர்ட்ஸ் அலைவரிசை. பெயர் வைத்தவர்கள் செய்த குழப்பம். அந்த அலைவரிசையில் 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடார்களோடு பங்குபோடுபவை. ரேடார் வருவதாக ஐயம் வந்தாலே ரௌட்டர் அந்தச் சேனலைவிட்டு விலகும். அதே வகையில் வேறொரு சேனலுக்குப் போனால் ஒரு நிமிடமாவது காது கொடுத்துக் கேட்டுவிட்டே மறுபடி பேசத் தொடங்கும். "தானியங்கி" என்பதை மாற்றி 36 முதல் 48 வரையிலோ 149 முதல் 161 வரையிலோ ஒரு சேனலை நிலையாக வையுங்கள்.

ஒரே ஒரு போனில் மட்டும் அறுகிறது.

அப்படியென்றால் ரௌட்டரை விட்டுவிடுங்கள். அந்தப் போனில் வைஃபை சற்று மந்தமானால் மொபைல் டேட்டாவுக்குத் தாவும் வசதியும், பேட்டரி சேமிப்பும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். பிறகு அந்த வைஃபை பெயரை "மறந்துவிடு" கொடுத்து மறுபடி சேருங்கள்.

வீடியோ அழைப்பு மட்டும் உறைகிறது. வேகச் சோதனையில் 100 காட்டுகிறது.

அந்த நேரத்தில் வீட்டில் யாருடைய போனாவது கல்யாணப் படங்களை மேகத்தில் (கிளவுட்) ஏற்றிக்கொண்டிருக்கும். மேலேற்றும் பாதை நிரம்பினால், ரௌட்டர் மிச்சத்தை வரிசையில் நிறுத்துகிறது. உங்கள் குரலும் அந்த வரிசையின் வாலில் நிற்கிறது. மேலே சொன்ன பிங் சாளரத்தில் 10 மில்லிநொடி இருந்தது 400, 500 என்று ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இது அறுபடல் இல்லை, நெரிசல். படம் ஏற்றுவதை இரவுக்குத் தள்ளுங்கள், அல்லது ரௌட்டரில் மேலேற்றும் வேகத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள்.

வேகம் எப்போதும் 94, 95-லேயே நிற்கிறது, நீங்களோ 200-க்குப் பணம் கட்டுகிறீர்கள் என்றால் லேன் கேபிளைப் பாருங்கள். எட்டு கம்பிகளில் ஒன்று விட்டுப்போனாலும் ஜிகாபிட் (1000) இணைப்பு 100-க்கு இறங்கிவிடலாம்.

வாட்ஸ்அப் வருகிறது, வலைத்தளம் எதுவும் திறக்கவில்லை.

பெயரை எண் முகவரியாக மாற்றித்தரும் டி.என்.எஸ். சேவை படுத்திருக்கலாம். ரௌட்டரில் 1.1.1.1, 8.8.8.8 இரண்டையும் டி.என்.எஸ். முகவரிகளாகப் போடுங்கள். ஐந்து நிமிட வேலை.

பின்னால் ரீசெட் என்று ஒரு சின்ன ஓட்டை இருக்கிறதே, அதை அழுத்திப் பார்க்கலாமா?

வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

மூன்றாம் மாடி மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஊக்கை எடுத்து அந்த ஓட்டைக்குள் குத்திவிட்டு, "ரீஸ்டார்ட் பண்ணிவிட்டேன், வரவில்லையே" என்று வந்தார். ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. ரீசெட் என்பது பெட்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் துடைத்துவிடும். நிறுவனத்தின் பயனர்பெயர், கடவுச்சொல், விலேன் (VLAN) என்னும் இணைப்பு எண் எல்லாம் போய்விடும். அவை மாமாவிடம் இல்லை, என்னிடமும் இல்லை. இரண்டு நிமிடம் நின்றிருந்த இணையம் செவ்வாய்க்கிழமைதான் வந்தது.

புகார் கொடுத்தால் "சரிசெய்துவிட்டோம்" என்று மூடிவிடுகிறார்கள். வேறு வழி?

புகார் எண் இல்லாத புகார் புகாரே இல்லை. வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வைக்காதீர்கள். எண்ணைக் கேட்டு வாங்கி அந்தக் காலண்டர் தாளிலேயே எழுதுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ஆம் ஆண்டு குறைதீர் விதிகள்படி இரண்டு படிகள் உண்டு: முதலில் நிறுவனத்தின் புகார் மையம், அங்கே தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. அவரது விவரம் நிறுவனத்தின் வலைத்தளத்தில் இருக்கும். முதல் புகாரின் எண் இல்லாமல் இரண்டாம் படியில் கால் வைக்க முடியாது. முறையீட்டோடு நேரக் குறிப்பையும், விளக்குகளின் படத்தையும், ஒளி அளவையும் சேர்த்து அனுப்புங்கள்.

எல்லாவற்றையும் விட்டு நல்ல ரௌட்டர் ஒன்று வாங்கிவிட்டால்?

இரண்டு பிங் சாளரமும் ஒன்றாக நின்று, அடாப்டரையும் மாற்றிப் பார்த்து, இடத்தையும் சேனலையும் மாற்றிய பிறகும் தீரவில்லை என்றால் வாங்குங்கள். அப்போதும் ஃபைபர் பெட்டி நிறுவனத்தினுடையதாகவே இருக்கும். புதியது அதற்குப் பின்னால்தான் உட்காரும். பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு, புதியதை, வைஃபை மட்டும் கொடுக்கும் அணுகல் முனை (ஆக்சஸ் பாயின்ட்) நிலையில் வையுங்கள். அப்படிச் செய்யாமல் இரண்டுமே ரௌட்டராக ஓடி, இரண்டுமே 192.168.1.1 என்ற முகவரியைப் பிடித்துக்கொண்டால், புதுப்பெட்டி வந்த அன்றே நீங்கள் மறுபடி என் கதவைத் தட்டுவீர்கள்.